புறம்போக்கு என்னும் சொல்லும் எண்ணூர்க் கழிமுகமும்

மனிதர்களைப் போலவே சொற்களுக்கும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. 'நாற்றம்' என்பது நறுமணத்தைக் குறித்த காலம் ஒன்றிருந்தது. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். 'புறம்போக்கு' என்னும் சொல்லுக்கும் அத்தகைய கதியே நேர்ந்தது. வரி விதிப்புக்குப் புறம்பாக, எவருடைய பட்டாவிலும் சேராமல், ஊரார் அனைவரும் பயன்கொள்ளும்பொருட்டு விடப்பட்ட நிலமே புறம்போக்கு. ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் வெளி, மயானம் யாவும் அதனுள் அடங்கும். ஊர் உயிர் வாழ்வதே அந்நிலத்தால்தான். ஆயினும் இன்று சென்னைத் தெருக்களில் ஒருவனைப் 'பொறம்போக்கு' என்று ஏசினால், அவன் எதற்கும் உதவாதவன் என்பதே பொருள். எல்லார்க்கும் உரியது எவர்க்கும் ஆகாததாகிவிட்ட இம்மாற்றத்தில் நம் நகரத்தின் வரலாறே ஒளிந்திருக்கிறது.

இவ்வீழ்ச்சியைத் தமிழில் ஒரு பாடல் எடுத்துப் பேசியது. கபேர் வாசுகி இயற்றி, ஆர். கே. ஸ்ரீராம்குமார் இசையமைத்து, டி. எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை பொறம்போக்கு பாடல்' 2017 ஜனவரியில் பொங்கலையொட்டி வெளிவந்தது. ரதீந்திரன் பிரசாத் அதனைக் காணொளியாக ஆக்கினார். எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்கப் பாடுபட்டுவந்த மீனவர்களுக்கும், நித்தியானந்த் ஜெயராமன் போன்ற சூழலியல் எழுத்தாளர்களுக்கும், அவர்களோடு சேர்ந்த இளைஞர்களுக்கும் அது ஓர் அடையாளமாயிற்று. ஆண்டுகள் பல கடந்துவிட்ட இந்நிலையில், அப்பாடல் செய்தது யாது, செய்யாமல் விட்டது யாது என்று நிதானமாக ஆராய்தல் வேண்டும். வடசென்னையில் வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வாராய்ச்சி வெறும் இலக்கியப் பொழுதுபோக்கு அன்று. இராயபுரத்திலும் தொண்டியார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் நம் பிள்ளைகள் மூச்சுவிடும் காற்றைப் பற்றியது அது.

பாடலின் வெற்றி

முதற்கண் அதன் மொழியைப் பாராட்ட வேண்டும். கருநாடக இசையரங்கில் காலங்காலமாகத் தெலுங்கும் வடமொழியும் செந்தமிழும் ஒலித்து வந்துள்ளன. குப்பத்துப் பேச்சுக்கு அங்கே இடமிருந்ததில்லை. ஆனந்தபைரவி, பேகடா, சிந்துபைரவி முதலிய இராகங்களைக் கோத்த மாலையில் சென்னைப் பேச்சுத் தமிழை அமர்த்தியிருப்பது பாடலாசிரியரின் துணிவு. இகழப்பட்ட சொல்லை இகழப்பட்ட வழக்கிலேயே, உயர்ந்ததென்று கருதப்படும் இசையில் வைத்ததனால், சொல்லும் வழக்கும் ஒருங்கே நிமிர்கின்றன.

அடுத்து, அதன் கருத்தமைதி. புறம்போக்கு தனியொருவரின் உடைமையன்று, ஊருக்கும் மண்ணுக்கும் உரியது என்று பழைய பொருளைப் பாடல் முதலில் நிலைநாட்டுகிறது. நீர் தங்கும் இடங்களில் கட்டடம் எழுப்பியமையால் வெள்ளம் வந்ததை, 2015ஆம் ஆண்டின் பெருமழையை மறவாத நகரத்துக்கு நினைவூட்டுகிறது. இறுதியில் எண்ணூரைப் புறம்போக்காக்கினால் நாமும் புறம்போக்காவோம் என்று அந்த வசைப்பொருளை நம் மீதே திருப்பிவிடுகிறது. ஒரே சொல்லின் இரு பொருள்களை எதிரெதிரே நிறுத்தி வாதத்தை முடிப்பது தேர்ந்த கவிஞனின் வேலை. இவ்வளவில் பாடல் தன் கடனை நன்கு ஆற்றியிருக்கிறது என்பதே நம் துணிபு.

பாடல் நிற்கும் மண்

பாடலின் பின்னணியாகத் தெரியும் அந்நிலத்தின் கதையை அறியாதவர்க்குப் பாடலும் பாதியே விளங்கும். கொசஸ்தலை ஆறு வங்கக் கடலைச் சேரும் இடம் எண்ணூர்க் கழிமுகம். பக்கிங்காம் கால்வாய் அதனை வடக்கே பழவேற்காட்டு ஏரியோடு இணைக்கிறது. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இத்தகைய இடத்தில்தான் இறாலும் நண்டும் மடவையும் பெருகும். மழைக்காலத்தில் வடசென்னையின் வெள்ளம் வடிவதற்கும் இதுவே வாயில்.

இவ்வாயிலைச் சுற்றி 1969இல் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிற்று. 1970இல் எண்ணூர் அனல் மின்நிலையம் வந்தது. 1994இல் வடசென்னை அனல் மின்நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், பின்னர் வல்லூர் அனல் மின்நிலையமும் அடுத்தடுத்து எழுந்தன. எண்ணூர் அனல் மின்நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆனால் நிலக்கரியை எரித்து எஞ்சிய சாம்பலை நீரோடு கலந்து கொண்டுசெல்லும் வடசென்னை நிலையத்தின் குழாய்கள் கசிந்து, அச்சாம்பல் கழிமுகத்தில் படிந்து, ஆற்றின் ஆழத்தை விழுங்கியது. முன்பு படகு மிதந்த இடத்தில் ஆள் நடக்கலாயிற்று.

இன்னும் பழைய கதை ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. இக்கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதியும் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. சுவர் அதனைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வரவு நின்று இராயபுரத்துக் கரையைக் கடல் அரித்தது. கருங்கற்களைக் கொட்டி அணைகட்டும் வேலை அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. நகரம் காற்று வாங்கும் கடற்கரையும், வடசென்னை இழந்த கடற்கரையும் ஒரே சுவரின் இரு விளைவுகள் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்? பாடல் எண்ணூரைப் பற்றிச் சொல்லும் நீதி, எண்ணூருக்கு முன்பே இராயபுரத்தில் எழுதப்பட்டுவிட்டது.

பாடல் சொல்லாதது

இனிக் குறையைச் சொல்வோம். பாடல் புறம்போக்கு எவருடையதன்று என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. அது எவ்வாறு பேணப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. கேட்பவர் உள்ளத்தில், மனிதர் கைபடாத இயற்கை வெளி ஒன்று, ஆலைகள் வரும்வரை அமைதியாகக் கிடந்தது என்னும் சித்திரமே எஞ்சுகிறது. உண்மை அதுவன்று.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. மீன்வளம் மிக்க நீரிடங்களில் எந்த நாளில் எவர் வலையிறக்குவது என்பதை மீனவக் குப்பங்கள் தமக்குள் முறைவைத்து, சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துக்கொள்வதே பாடு. ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் முறை வரும். வலிமையுள்ளவன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகவியலாது. அரசாங்கம் எழுதிக்கொடுத்த சட்டமன்று இது. ஊரார் கூடி வகுத்து, ஊரார் கூடிக் காத்த ஒழுங்கு. அதிலும் குறையில்லாமல் இல்லை. தலைக்கட்டுக்கு வெளியே நின்றோர்க்கு, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கு, பெண்களுக்கு அம்முறையில் உரிய இடம் கிடைத்ததில்லை. எனினும் பொதுநீர் என்பது கேட்பாரற்ற நீரன்று என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நம் வாசகர்க்கு இதனை விளக்க அதிகச் சொற்கள் தேவையில்லை. வக்ஃபுச் சொத்தை விற்கவும் இயலாது, தனதாக்கவும் இயலாது. ஆனால் அது உரிமையற்ற சொத்தன்று. அதற்கு நிபந்தனை உண்டு, முத்தவல்லி உண்டு, கணக்கு உண்டு, பயன்பெறுவோர் உண்டு. கணக்குக் கேட்பார் இல்லாத வக்ஃபு எவ்வளவு விரைவில் பிறர் கைக்குப் போகும் என்பதை நம் ஊர்கள் கண்கூடாகக் கண்டிருக்கின்றன. தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் யாவர்க்கும் பங்குண்டு என்னும் கருத்தமைந்த நபிமொழியை நம் மார்க்க அறிஞர்கள் எடுத்துரைப்பர். பங்கு என்றாலே பங்கிடும் முறையும் உடன் வருகிறது அன்றோ? புறம்போக்கும் அவ்வாறே. அதன் பெருமை வெறுமையாய்க் கிடப்பதில் இல்லை. முறையோடு காக்கப்படுவதில் இருக்கிறது.

இக்குறை கலைக்குறை மட்டுமன்று. அதற்கு நடைமுறை விளைவும் உண்டு. ஓரிடத்தில் எவரும் இல்லை என்று எண்ணுபவனுக்கு அதனை எடுத்துக்கொள்வது எளிது. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் காக்கப்பட வேண்டிய நீர்ப்பரப்பாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் அதிகாரிகள் கையாண்ட வேறொரு வரைபடத்தில் கழிமுகமே மறைந்துவிட்டது என்று 2017இல் இயக்கத்தினர் அம்பலப்படுத்தினர். ஆற்றை வரைபடத்திலிருந்து அழிக்கலாம். ஆனால் அவ்வாற்றில் எந்த நாளில் எவருக்குப் பாடு என்று அறிந்த மனிதர்களை அவ்வாறு அழிக்கவியலாது. அவர்களே வரைபடத்துக்கு எதிரான சாட்சிகள். பாடலில் ஒலிக்க வேண்டியிருந்த அக்குரல் ஒலிக்கவில்லை.

பாட்டும் பாடுபடுதலும்

பாட்டினால் என்ன ஆகும் என்று கேட்போர் உளர். அவர்க்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் காட்டலாம். கொடைக்கானலில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு ஊருக்குள் குவிக்கப்பட்டிருந்தமை 2001இல் வெளிப்பட்டு, ஆலை மூடப்பட்டது. அங்கு உழைத்து நலமிழந்த தொழிலாளர்கள் பதினான்கு ஆண்டுகள் நீதி கேட்டு நின்றனர். 2015 ஜூலையில், சென்னையில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்து வளர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்னும் இளம்பெண், யூனிலீவர் நிறுவனத்தை நேருக்கு நேர் விளித்து ராப் பாடல் ஒன்றைப் பாடினார். உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் அதனைக் கேட்டனர். 2016 மார்ச்சில் அந்நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது.

அப்பாடலின் நடை நம் வாசகர் பலர்க்கு உவப்பாயிராது. மெட்டும் மேனாட்டிலிருந்து பெற்றது. அது வேறு வழக்கு. நாம் கருத வேண்டுவது வேறொன்று. பாடலுக்குப் பின்னே பதினான்கு ஆண்டுகளின் மருத்துவச் சான்றுகளும், மனுக்களும், நீதிமன்றப் படிக்கட்டுகளும், தொழிலாளர் சங்கத்தின் பொறுமையும் இருந்தன. அடுக்கிவைத்த விறகில் பாட்டு தீயிட்டது. விறகில்லாத இடத்தில் அத்தீ நொடியில் அணைந்திருக்கும். இயக்கத்தில் புகும் இளைஞர்கள் பாட்டைக் கண்டு வருகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் விறகு அடுக்குவோர் யார் என்பதே வினா.

எண்ணூரில் அவ்வேலையைச் செய்தோரும் உளர். காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் சாம்பற் கசிவை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தீர்ப்பு வழங்கி, கழிமுகத்தைச் சீர்ப்படுத்துவது குறித்து ஆணையிட்டது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்காக 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் எதிர்ப்புக்கிடையே ஒத்திவைக்கப்பட்டன. இவற்றை எவரும் இராகமாலிகையாகப் பாடவில்லை.

இளைஞர்கள் வந்த வழி

2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் மெரினாவில் திரண்டனர். கூட்டம் கலைந்த சில நாட்களிலேயே, ஜனவரி 28ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. கரிய குழம்பு எண்ணூரிலிருந்து தெற்கே பரவியபோது, மாணவர்களும் மீனவர்களும் வாளிகளால் அதனை அள்ளினர். உலகின் பெரிய நகரமொன்றின் கரையில், இயந்திரங்கள் செய்ய வேண்டிய வேலையைக் கைகள் செய்தன. அது வீரமா, அவலமா என்று பிரித்தறிய இயலாத காட்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியபோதும் மீனவர்கள் மீண்டும் கைகளாலேயே அள்ளினர். அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி உரத்தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிய, பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். பின்னர் அம்மக்கள் பந்தலிட்டு வாரக்கணக்கில் அமர்ந்து போராடினர்.

2018இல் சுவீடன் நாட்டில் கிரெட்டா துன்பர்க் என்னும் சிறுமி பள்ளிக்குச் செல்லாமல் பாராளுமன்றத்தின் முன் அமர்ந்ததை அடுத்து, உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் வீதிக்கு வந்தனர். சென்னையிலும் 'சென்னை கிளைமேட் ஆக்‌ஷன் குரூப்' போன்ற இளைஞர் குழுக்கள் தோன்றி, எண்ணூரைத் தம் களமாகக் கொண்டன. மேனாட்டுப் பிள்ளைகள் எம் எதிர்காலம் பறிபோகிறது என்றனர். எண்ணூர்ப் பிள்ளைகளுக்கோ பறிபோவது இன்றைய மூச்சு. இவ்வேற்றுமையை நம் இளைஞர்களின் துண்டறிக்கைகள் எப்போதும் உணர்ந்திருப்பதாகத் தெரியவில்லை. 'கரிம உமிழ்வு', 'காலநிலை நீதி', 'தாங்கும் தன்மை' என்னும் மொழிபெயர்ப்புச் சொற்கள் அவற்றில் மிகுதி. தீர்ப்பாயத்தில் அவை தேவைப்படலாம். ஆனால் முகத்துவாரக்குப்பம் என்று ஊருக்கே பெயர் வைத்திருப்போரிடம் 'முகத்துவாரம் தூர்ந்துவிட்டது' என்றால் போதாதா? அவ்வொரு தொடரில் சாம்பலும் வெள்ளமும் பசியும் அடங்கிவிடுகின்றன.

மொழி எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை 2020 காட்டிற்று. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளைத் தளர்த்தும் வரைவு அறிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிடப்பட்டிருந்தது. எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் அதனை வெளியிட வேண்டுமென்று தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் ஆணையிட்டது. சென்னை இளம்பெண் ஒருவர் எளிய தமிழில் அவ்வரைவை விளக்கிப் பேசிய காணொளி ஊரெங்கும் பரவிற்று. சட்டத்தைத் தாய்மொழியில் விளக்குவதும் பாட்டெழுதுவதற்குச் சற்றும் குறையாத இலக்கியப் பணி என்பதே நம் கருத்து.

பெற்றோரின் அச்சம்

இவ்விடத்தில் நம் குடும்பங்களில் எழும் கேள்வியை மறைத்தல் நேர்மையாகாது. 'நம் பிள்ளைகள் இதிலெல்லாம் தலையிட வேண்டுமா?' என்று தாய்மார் கேட்பர். 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனோர் மீது நடந்த துப்பாக்கிச் சூடும், அதில் பதின்மூவர் மாண்டதும் எவர்க்கும் மறந்திராது. 2021 பிப்ரவரியில் பெங்களூரைச் சேர்ந்த 22 வயதுச் சூழலியல் ஆர்வலர் ஒருவர் தேசத்துரோக வழக்கில் கைது செய்யப்பட்டு, பத்து நாட்களுக்குப் பின் பிணையில் விடுதலையானார். பெயரைப் பார்த்தே ஐயுறும் காலத்தில் முஸ்லிம் பெற்றோரின் அச்சம் இருமடங்காக இருப்பது இயல்பே. அதனைக் கோழைத்தனம் என்று இகழ நாம் ஒருப்படோம்.

ஆனால் வீட்டுக்குள் இருந்துவிட்டால் ஆபத்து வாராது என்பதற்கு எண்ணூரில் சான்றில்லை. அமோனியா கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை. மேலும், ஊர்வலத்தின் முன்னணியில் நிற்பது ஒன்றே பங்கேற்பு என்று கொள்வது பிழை. கருத்துக் கேட்புக்கு முன் அறிக்கையைப் படித்துக் குறிப்பெடுப்பது, நில அளவை வரைபடத்தைப் பழைய வரைபடத்தோடு ஒப்பிடுவது, முதியவர்கள் அறிந்த நீராழங்களையும் மீன்பெயர்களையும் எழுதிவைப்பது, மருத்துவமனைச் சீட்டுகளைத் தேதிவாரியாகச் சேர்ப்பது ஆகிய இவையெல்லாம் வீட்டிலிருக்கும் பெண்மக்களும் செய்யத்தக்க பணிகள். விறகடுக்குதல் என்று மேலே சொன்னது இதனையே.

நம் இலக்கியத்தின் கடன்

வடசென்னை என்றதும் திரைப்படங்கள் கத்தியையே காட்டுகின்றன. வெற்றிமாறன் 2018இல் எடுத்த 'வட சென்னை' படத்திலும், கரையோர மக்களை அப்புறப்படுத்தும் திட்டம் கதையின் முதுகெலும்பாக இருந்தும், நினைவில் நிற்பது இரத்தமே. நிலத்துக்கு நேர்ந்த வசை அந்நிலத்து இளைஞனுக்கும் நேர்ந்துவிட்டது. அவனும் புறம்போக்கு. இவ்வசையைத் துடைக்க வெளியிலிருந்து வரும் பாடகர் மட்டும் போதாது.

இராயபுரத்தில் வாழ்ந்து அம்மண்ணிலேயே அடங்கியவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டியிலிருந்து வந்த அப்பெரியாரால்தான் தொண்டியார்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்பர். வடசென்னையின் கானாப் பாட்டுக்கு மூலம் தேடுவோர் சித்தர் பாடல்களோடு அவர் பாடல்களையும் சேர்த்துச் சொல்வதுண்டு. தென்கோடிக் கடற்கரையின் முஸ்லிம் வாழ்வைத் தோப்பில் முகம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யிலும் 'துறைமுக'த்திலும் வரைந்து தந்தார். பழவேற்காட்டில் நம் மக்கள் நூற்றாண்டுகளாக வாழ்கின்றனர். பழவேற்காட்டுக்கும் இராயபுரத்துக்கும் இடைப்பட்ட இக்கரைக்கு அத்தகைய நாவல் ஒன்று நம்மிடையே எழவில்லையே என்னும் ஏக்கம் நமக்குண்டு.

ஆதலின், 'சென்னை பொறம்போக்கு பாட'லைப் போற்றுவோம். அது ஒரு சொல்லை மீட்டுத் தந்தது. அச்சொல்லுக்குரிய பொருளை மீட்பது அதனினும் கடினம். அதற்குப் பாடும் முறையும் தலைக்கட்டும் கழியின் ஆழமும் அறிந்த முதியவர்களிடம் நம் இளைஞர்கள் சென்று அமர வேண்டும். அவ்வாறு அமர்ந்து கேட்ட ஓர் இளைஞனோ இளைஞியோ எழுதும் கட்டுரையையோ கதையையோ இத்தகைய இதழ்களின் பக்கங்களில் படிக்கும் நாளை நாம் ஆவலோடு எதிர்நோக்குகிறோம். பெற்றோர்கள் அப்பிள்ளைகளைத் தடுக்காமலிருந்தாலே பெரிய உதவி. ஒருநாள் உடன் சென்று கழிமுகத்தைக் கண்டு வந்தால், அதனினும் பெரிய உதவி.